கல் கொட்டுமுன் ஊரைக் கேளுங்கள்

கடலோர ஊர்களில் மக்களோடு உட்கார்ந்து வீடு, கரை, பொதுநிலம் ஆகியவற்றுக்குத் திட்டம் வரையும் கட்டடக் கலைஞர் ஒருவர், கடல் உயர்வு குறித்த வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் கரையில் கரைவலை இழுக்க இடம் இருந்தது. இப்போது அலை தெருவுக்கே வருகிறது. கடல் மட்டம் உயர்வதுதான் காரணம் என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். துறைமுகம்தான் காரணம் என்கிறான் என் மகன். யார் சொல்வது சரி?
— வாசகர், விழுப்புரம் மாவட்டக் கடற்கரை

இரண்டும் உண்மை. ஆனால் உங்கள் ஊரில் இன்றுவரை நடந்திருக்கும் சேதத்துக்கு உங்கள் மகன் சொல்வதுதான் அதிகம் பொருந்தும்.

சென்னை, புதுச்சேரிப் பகுதிகளில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தெற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் மாதங்களில் வடக்கே நகர்கிறது. வாடைக் காலத்தில் ஓரளவு தெற்கே திரும்புகிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே எதைக் கட்டினாலும் அதன் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை கரையும். 1876-இல் சென்னைத் துறைமுகப் பணி தொடங்கிய பிறகு தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் பக்கம் கரை போனதும் இப்படித்தான். புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய தடுப்புகளால் நகரத்தின் கடற்கரை மணல் போயிற்று. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு அதற்கும் வடக்கே சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று நகர்ந்தது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் கணக்குப்படி 1990 முதல் 2018 வரையிலான காலத்தில் தமிழ்நாட்டுக் கரையில் சுமார் 43 விழுக்காடு அரிப்புக்கு உள்ளானது.

கடல் மட்டம் உயர்வதும் மெய்தான். 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகச் சராசரி 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. முதல் எழுபது ஆண்டுகளில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த வேகம் 2006-2018 காலத்தில் 3.7 மில்லிமீட்டராகிவிட்டது. சிறிய அளவாகத் தெரியலாம். ஆனால் ஒவ்வொரு புயலின் அலையும் இனி அந்த உயரத்தின் மேல் ஏறித்தான் வரும். கிணற்று நீருக்குள் உப்பு ஏறுவதும் அதிகமாகும்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எல்லாவற்றையும் பருவநிலை மாற்றத்தின் மேல் போட்டுவிட்டால் பதில் சொல்லவேண்டியவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். தடுப்புக்குத் தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்க் கொட்டுவது தெரிந்த வழி, செய்யக்கூடிய வழி. அதை ஆண்டுதோறும் செய்யச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்கள் ஊருக்கு உண்டு.

எங்கள் ஊரில் 'கருத்துக் கேட்பு' என்று ஒரு கூட்டம் நடந்தது. திரையில் வரைபடம் காட்டினார்கள். ஆண்கள் கையெழுத்துப் போட்டார்கள். பெண்கள் பின்னால் நின்றோம். எங்களை யாரும் கேட்கவில்லை. இதைத்தான் மக்கள் பங்கேற்பு என்கிறார்களா?
— மீன் விற்கும் பெண், கடலூர் மாவட்டம்

இல்லை, சகோதரி. வரைபடம் முடிந்த பிறகு கேட்பது ஒப்புதல் வாங்குவது. அதற்குப் பங்கேற்பு என்று பெயர் வைக்கக்கூடாது.

மயிலாடுதுறை மாவட்டத்தில் ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். புயல் நீர் ஊருக்குள் வராமல் இருக்க உயரமான மண்சாலை ஒன்றைக் கரைக்கு இணையாகப் போடுவதாகத் திட்டம். அது எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்யுமுன் ஊரை ஊரே வரையட்டும் என்று கேட்டுக்கொண்டோம். வலைக்கூடத்தின் சிமெண்ட் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்தார்கள். முதல் நாள் ஆண்கள். படகு நிறுத்தும் வரிசை, அம்மன் கோவில், ஏலக்கூடம், டீசல் பங்க், முகத்துவாரம் எல்லாம் அளவு பிசகாமல் வந்தன. எந்த மாதத்தில் கரை எவ்வளவு உள்வாங்கும், எப்போது மணல் திரும்பும் என்று கோடு மேல் கோடாகப் போட்டார்கள். ஒரு பெரியவர் தரையின் விளிம்பைத் தாண்டிப் போய் வெளியே மணலில் ஒரு வட்டம் போட்டார். அவருடைய தகப்பனார் காலத்துக் குடிநீர்க் கிணறு. இன்று அந்த இடத்தில் படகு மிதக்கிறது.

பெண்களுக்கு வேறு நாள், வேறு நேரம் தேவைப்பட்டது. காலையில் சந்தை, பிறகு சமையல். மாலை மூன்று மணிக்கு மேல்தான் வந்தார்கள். அதே தரையில் அவர்கள் வரைந்தது வேறு ஊர். ஐப்பசி கார்த்திகையில் எந்தச் சந்து வழியாகத் தண்ணீர் முதலில் நுழைகிறது, எந்த அடிகுழாய் உப்பாகிவிட்டது, தலைச்சுமையோடு இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் எங்கே ஒதுங்க முடியாது, இருட்டிய பிறகு எந்தப் பக்கம் போக அச்சம். ஆண்களின் படத்திலும் பொறியாளரின் படத்திலும் வெற்றிடமாக இருந்த ஒரு பகுதி இருந்தது. சாலை அதன் மேல்தான் போவதாக இருந்தது. ஓர் அம்மாள் தன் கூடையிலிருந்து ஒரு பிடி சென்னாக்குன்னி எனும் பொடி இறாலை எடுத்து அந்த இடத்தில் தரையில் பரப்பினார். "இங்கேதான் காயவைக்கிறோம். முப்பது வீட்டுக்கு இதுதான் சோறு" என்றார். அதற்குப் பிறகு அங்கிருந்த யாரும் அதைக் காலி நிலம் என்று சொல்லவில்லை. சாலை பனைவரிசைக்கு மேற்கே தள்ளிப்போயிற்று.

மீனவ ஊர்ப் பஞ்சாயத்தில் பெரும்பாலும் வரி கட்டும் ஆண்களுக்குத்தான் குரல். கைம்பெண்கள், பிற சாதியினர், வலையும் படகும் இல்லாமல் கூலிக்குப் போகிறவர்கள், கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் ஆகியோர் அந்தக் கணக்கில் வருவதில்லை. வெள்ளம் வரும்போது முதலில் மூழ்குவது பெரும்பாலும் இவர்களுடைய வீடுகள். பஞ்சாயத்தாரை மதித்து அவர்களிடம் முதலில் போகவேண்டியதுதான். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் ஊரில் பாதியைக் கேட்கவில்லை என்று பொருள்.

அடுத்த கூட்டத்தில் நீங்கள் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாங்கள் சொல்வதால் இந்தப் படத்தில் எந்தக் கோடு மாறும்?" மாறக்கூடிய கோடு எதுவும் இல்லை என்றால் கையெழுத்துப் போடவேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள்.

ஊர் சொல்வதைக் கேட்கவேண்டும் என்று எழுதுகிறீர்கள். எங்கள் ஊர் முழுக்க ஒரே குரலில் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கேட்கிறது. பல ஆண்டுகளாகப் போராட்டம் நடத்துகிறோம். கட்டித் தருவதுதானே பங்கேற்பு?
— வாசகர், திருவள்ளூர் மாவட்டம்

எனக்கு வந்த கேள்விகளில் கடினமானது இதுதான். அலை வாசலில் நிற்கும்போது கல் வேண்டும் என்று கேட்பவரிடம் ஆற்றொழுக்காக அறிவியல் பேச எனக்கு மனம் வராது. உங்கள் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் உங்கள் வடக்கு எல்லையில் இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் கரையில் தூண்டில் வளைவு மணலைப் பிடித்து நிறுத்தினால் அந்த ஊருக்கு வரவேண்டிய மணல்தான் நிற்கும். அவர்களும் கேட்பார்கள், அவர்களுக்கும் கட்டுவார்கள், அரிப்பு அதற்கடுத்த ஊருக்குப் போகும். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துச் செல்லானத்தில் டெட்ராபாட் எனும் நான்கு கால் கான்கிரீட் கட்டிகளால் சுவர் எழுப்பினார்கள். சுவருக்குப் பின்னால் இருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். சுவர் முடிந்த இடத்துக்கு வடக்கே கண்ணமாலியில் கடல் வீடுகளுக்குள் புகுந்தது, அங்கே மக்கள் சாலைக்கு வந்து போராடினார்கள்.

எனவே என் கருத்தில் இந்த முடிவை எடுக்கவேண்டியது ஒரு ஊர் அல்ல. ஒரே மணலைப் பகிர்ந்துகொள்ளும் ஊர்கள் எல்லாம் ஒரே பாயில் உட்காரவேண்டும். இதற்கு நம் கரையில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. சுருக்குமடி வலை, கடல் எல்லை, படகு மோதல் என்று வரும்போது பல ஊர்ப் பஞ்சாயத்தார் கூடிப் பேசித் தீர்க்கிறார்கள். மணலையும் அந்தக் கூட்டத்தின் பொருளாக்குங்கள். அதன் பிறகு தூண்டில் வளைவுதான் வேண்டும் என்று எல்லா ஊரும் சொன்னால், எங்கே, எத்தனை, எவ்வளவு நீளம் என்று சேர்ந்து கேளுங்கள்.

வேறு வழிகளையும் கேளுங்கள். புதுச்சேரியில் 2018-இல் தலைமைச் செயலகத்தை ஒட்டிக் கடலுக்குள் எஃகாலான மூழ்கிய தடுப்பு ஒன்றை இறக்கினார்கள். பல ஆண்டுகளாகக் கல் மட்டுமே இருந்த இடத்தில் மணல் திரும்பி, குழந்தைகள் இறங்கி விளையாடும் அளவுக்குக் கரை வந்தது. எல்லாக் கரைக்கும் அது பொருந்தாது. ஆனால் கல்லைத் தவிர வேறு வழியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

சவுக்கும் சதுப்பு மரமும் நட்டால் போதாதா?
— வாசகி, தஞ்சாவூர்

சதுப்பு மரம் அலை நேரடியாக அடிக்கும் திறந்த மணற்கரையில் பிழைக்காது. பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற கழிமுகங்கள்தான் அதன் இடம். அங்கே சுற்றுவட்ட ஊர் மக்கள் மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, உப்புப் பூத்துக் கிடந்த நிலத்துக்குள் அலைநீரைக் கொண்டுவந்து காட்டை மீட்டார்கள். மிக நல்ல வேலை அது. மணற்கரையில் கரையைப் பிடித்து நிறுத்துவது மணல்மேடும் அதன் மேல் படரும் அடும்பும் இராவணன் மீசையும். அவற்றைச் சமன்செய்துவிட்டுச் சவுக்கு நடுவதை நான் எதிர்க்கிறேன். மேடும் போகும், பங்குனி ஆமை முட்டையிடும் இடமும் போகும்.

கட்டடக் கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கடல் உயர்ந்தாலும் மூழ்காத மிதக்கும் வீடுகளை மீனவர்களுக்காக வடிவமைத்து வருகிறேன். எந்த ஊரில் செயல்படுத்தலாம்?
— மாணவர், சென்னை

தம்பி, படத்தைச் சிறிது காலம் மூடி வையுங்கள். மிதக்கும் வீடு தவறு என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் விடையோடு போகிறீர்கள், கேள்வி இன்னும் ஊரில்தான் இருக்கிறது. அலை உடையும் கரையில் மிதக்கும் வீடு எங்கே நிற்கும் என்று எந்தப் படகுக்காரரும் உங்களைக் கேட்பார்.

சுனாமிக்குப் பிறகு நம் கரையில் வரிசை வரிசையாக ஒரே அச்சில் வீடுகள் எழுந்தன. பல இடங்களில் திண்ணை இல்லை, வலை வைக்க இடம் இல்லை, நிழல் தந்த மரங்களை வெட்டிவிட்டுத்தான் மனை பிரித்தார்கள். அதே நேரத்தில் தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸும் குடும்பங்களோடு பேசிப் பேசி வீடுகளை வடிவமைத்தார்கள். அந்த இரு ஊர்களுக்கும் போங்கள். பழைய படத்தைத் தேடாதீர்கள். இன்று அந்த வீடுகளில் மக்கள் எதை மாற்றியிருக்கிறார்கள், எதை நீட்டியிருக்கிறார்கள், எந்த அறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கூரை ஓரத்தில் கயிறு கட்டிய இடம், அடுப்பு வெளியே வந்த இடம், எஞ்சின் வைக்க உடைத்த சுவர், இவைதான் உங்களுக்குப் பாடம். அளவு நாடாவோடு போய், ஒவ்வொன்றையும் வரைந்து, வரைந்ததை அந்த வீட்டாரிடமே காட்டித் திருத்தி வாங்குங்கள்.

சுனாமிக்குப் பிறகு கொடுத்த வீடு கரையிலிருந்து வெகு தூரம். என் மகன்கள் இரவில் படகுக்குக் காவலாகக் கரையில்தான் படுக்கிறார்கள். இப்போது மிச்சம் இருக்கும் தெருவையும் உள்ளே மாற்றச் சொல்கிறார்கள். போகலாமா?
— நாகப்பட்டினம் மாவட்டத்துத் தாய்

அம்மா, போகலாம் என்றோ கூடாது என்றோ நான் சொல்வது முறையல்ல. அந்த முடிவு உங்களுடையது. முடிவெடுக்குமுன் தெரிந்திருக்கவேண்டியதைச் சொல்கிறேன்.

2005 மார்ச் மாத அரசாணையின்படி உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு அதற்கு அப்பால் புதிய வீடு தரப்பட்டது. போக விரும்பாதவர்கள் இருக்கலாம், ஆனால் புதிய வீடு கிடையாது. புதிய வீட்டை ஏற்றவர்கள் பழைய இடத்தை அரசிடம் ஒப்படைக்கவேண்டும். அப்போது பலர் வீட்டைப் பற்றித்தான் பேசினார்கள், விட்டுக்கொடுத்த கரையைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசவில்லை. நீங்கள் இந்த முறை அதைத்தான் முதலில் பேசவேண்டும். வீடுகள் பின்னால் போனபிறகு அந்த நிலம் யாருடையது? அங்கே படகும் வலையும் கருவாடும் இருக்குமா, விடுதி எழுமா? ஊரின் பொதுப் பயன்பாட்டுக்கென்று எழுத்தில் தராமல் ஒரு வீட்டையும் காலி செய்யாதீர்கள். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகள், 2011-இல் வந்ததும் சரி 2019-இல் வந்ததும் சரி, மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கு மாநில அரசு திட்டம் வகுக்கவேண்டும் என்கின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிஜித் தீவு நாட்டில் வுனிதோகோலோவா என்ற ஊர் கடல் ஏறியதால் 2014-இல் உள்ளே இடம்பெயர்ந்தது. ஊரே கூடி எடுத்த முடிவு என்று உலகம் பாராட்டியது. 30 வீடுகள் கட்டினார்கள். அவற்றில் சமையலறை இல்லை. சமைப்பவர்களை வடிவமைப்பில் சேர்க்காமல் விட்டால் இதுதான் நடக்கும். உங்கள் புதிய வீட்டுப் படத்தை நீங்கள் பார்க்கவேண்டும், உங்கள் மருமகள்கள் பார்க்கவேண்டும். படகுக் காவலுக்கும் எஞ்சின் வைக்கவும் கரையில் பூட்டு உள்ள கொட்டகை ஒன்று திட்டத்திலேயே இருக்கவேண்டும். மகன்கள் மணலில் படுப்பது தொடரக்கூடாது.

மக்கள் சொன்ன யோசனையை அரசு ஏற்று, அது பலித்த கதை உலகில் எங்காவது உண்டா?
— ஆசிரியர், ராமநாதபுரம்

உண்டு. வங்கதேசத்தின் தென்மேற்கில், குல்னா, ஜசோர் பகுதியில்.

1960-களில் அங்கே கடல்நீரைத் தடுக்க நிலத்தைச் சுற்றிலும் உயரமான கரைகள் எழுப்பினார்கள். முதலில் நெல் நன்றாக விளைந்தது. ஆனால் அலையோடு வரும் வண்டல், வயலில் படிய வழியில்லாமல் ஆற்றிலேயே படிந்தது. ஆற்றின் அடி உயர்ந்தது, கரைக்குள் இருந்த நிலம் பள்ளமாகவே நின்றது. மழைநீர் வெளியேற முடியாமல் ஆண்டுக்கணக்கில் ஊர்கள் தண்ணீரில் கிடந்தன. 1990-இல் டாகாத்தியா என்ற பெரும் பள்ளத்தாழ்வில் மக்கள் தாங்களே கரையை வெட்டினார்கள். 1997-இல் பைனா தாழ்விலும் வெட்டினார்கள். அலைநீர் உள்ளே வந்து வண்டலைப் போட்டுவிட்டு வெளியேறியது. போகும் வேகத்தில் ஆற்றின் அடியையும் அரித்துச் சென்றது. வெட்டிய வாய்க்கு அருகே நிலம் ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்தது, ஆறும் ஆழமாயிற்று. கரை எழுப்புமுன் அவர்களின் முன்னோர் ஆண்டுக்கு ஒரு பருவம் அலைநீரை வயலுக்குள் விட்டுப் பழகியவர்கள். எனவே இது மக்களுக்குப் புதிதல்ல. மதகுகளைத் திட்டமிட்டிருந்த பொறியாளர்கள் ஆய்ந்து பார்த்து, மக்களின் வழியையே ஏற்றுக்கொண்டார்கள். கடல் உயரும் காலத்தில் நிலத்தையும் சேர்த்து உயர்த்தும் வழிகள் மிகச் சில. அவற்றில் ஒன்று இது.

இதன் பிற்பகுதியையும் உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். நீர் நிற்கும் ஆண்டுகளில் நில உரிமையாளர் பயிர் செய்ய முடியாது. அரசு திட்டமாக எடுத்து நடத்தியபோது இழப்பீடு உரியவர்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 2012-இல் கபாலியா தாழ்வில் மக்களே திட்டத்தை எதிர்த்தார்கள், வேலை நின்றது. மக்களின் யோசனையை எடுத்துக்கொண்டு மக்களை விட்டுவிட்டால் நல்ல பொறியியலும் நின்றுவிடும்.

எங்கள் பஞ்சாயத்தில் பணமும் இல்லை, பொறியாளரும் இல்லை. நாங்களாக எதைத் தொடங்கலாம்?
— ஊராட்சி உறுப்பினர், தூத்துக்குடி மாவட்டம்

கரையிலிருந்து நகராத ஒன்றை, கோவில் தூணோ மாதா கெபியோ, குறியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மணல்மேட்டின் விளிம்புவரை ஒவ்வொரு பௌர்ணமியன்றும் கயிற்றால் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அளப்பதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம், ஆனால் ஒரு பெரியவர் கூட இருக்கட்டும். அதே இடத்தில் நின்று அதே திசையில் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். ஊரில் நான்கு கிணறுகளைத் தேர்ந்துகொண்டு எந்த மாதம் உப்புத் தட்டுகிறது என்று குறியுங்கள். இரண்டு ஆண்டு நோட்டுக்கு அலுவலகத்தில் இருக்கும் மதிப்பு, இருபது மனுக்களுக்கு இல்லை.

மாவட்ட நிர்வாகத்திடமிருந்து உங்கள் பகுதியின் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தை வாங்கி ஊரில் விரியுங்கள். உங்கள் ஊர் அதில் இருக்கிறதா, படகுத்துறையும் வலைக்கூடமும் காயவைக்கும் தளமும் சுடுகாடும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். விடுபட்டதைச் சிவப்பு மையால் குறித்து, சர்வே எண்ணோடு, பெண்கள் வரைந்த படத்தையும் இணைத்துத் தீர்மானமாக்குங்கள். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாடை தொடங்கும் முன் வருவது அக்டோபர் கூட்டம். அதற்குள் படம் தயாராக இருந்தால் நல்லது. தீர்மான நகலில் எண்ணும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, ஒரு பிரதியைப் பக்கத்து ஊருக்கும் கொடுங்கள்.